அடி விழ முந்தியே முடிஞ்சு போறது

1950 ஜூனில், அமெரிக்காவின் மெரியன் மைதானத்தில் பென் ஹோகன் அடித்து முடித்து நிற்பதை ஹை பெஸ்கின் பின்னாலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், கோல்ஃப் உலகத்தில் பேர்போனது. ஆனால் பந்து எப்பவோ போயிட்டுது. நாங்கள் பார்ப்பது அடி இல்லை, அடிக்குப் பிறகு வந்த நிலை.

எங்களில கன பேருக்கு கோல்ஃப் எண்டால் நுவரெலியா நகரத்துக்கு நடுவில கிடக்கிற புல்வெளி மட்டும்தான். பணக்காரரின்ர பொழுதுபோக்கு எண்டு தள்ளிவிட்டுப் போறதும் நியாயம்தான். எண்டாலும் இந்த அடியின் வரலாற்றில் முக்கியமான இரண்டு பேர், ஹோகனும் பைரன் நெல்சனும், டெக்சாசில் ஒரே மைதானத்தில் மற்றவரின் பை சுமந்த பொடியங்கள். இரண்டு பேரும் 1912 இல் பிறந்தவர்கள்.

அவர்களுக்கு முந்தைய தலைமுறையின் மட்டைத் தண்டு ஹிக்கரி மரம். வேகமாகச் சுழற்றினால் தண்டு முறுகும். மட்டையின் முகம் பந்தை நேராகப் பார்க்காது. அதைத் திருத்த மணிக்கட்டை உருட்ட வேண்டியிருந்தது. 1929 இல் சென்ட் அன்ட்றூஸ் சங்கமும் உருக்குத் தண்டை அனுமதித்தது. உருக்கு அவ்வளவு முறுகாது. நெல்சன் முழங்காலை மடக்கி, கால்களால் உந்தி அடிக்கப் பழகினார். கைவித்தை உடல்வித்தையானது இப்படித்தான்.

1930களில் ஹரல்ட் எட்ஜெர்ட்டன் விட்டுவிட்டு மின்னும் வெளிச்சத்தில் ஒரே வீச்சைப் பல தடவை ஒரே படத்தில் பதிந்தார். வீச்சு விசிறிபோல விரியும். அப்படிப்பட்ட படங்களில், பந்தை நெருங்கேக்க மட்டைத் தலையின் இடைவெளி அகலும், கைகளின் இடைவெளி குறையும். அதாவது கை வேகம் குறையிற நேரத்தில்தான் தலை பாயுது. இடுப்பு முந்தித் திரும்பி, தோள் பின்தொடர்ந்து, பிறகு கை, கடைசியில் மட்டை: வேகம் ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கைமாறுது.

பிரித்தானியாவில் கொக்ரனும் ஸ்டொப்சும் 1968 இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் துணிச்சலானது. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய அரை மில்லி செக்கன். கை அதை உணர்ந்து எதையும் திருத்த முன்னமே பந்து போய்விடும். தலைக்கு மேலே பிணைச்சல் வைத்து, தண்டை மடங்கக்கூடியதாக்கியும் அடித்துப் பார்த்தார்கள். பந்து கிட்டத்தட்ட அதே தூரம் போனது.

அப்ப அடிபடும் கணத்தில் உடல் எப்படி நிற்கவேணும் எண்டு ஏன் இவ்வளவு பேச்சு? வலக்கைக்காரரின் இடுப்பு இலக்குப் பக்கம் திரும்பியிருக்கும், பாரம் இடக்காலில், கைகள் பந்தைத் தாண்டி முன்னால். நிற்கத் தொடங்கிய நிலைக்கே திரும்பி வாறது இல்லை இது. ஆனால் இந்த நிலையைப் படத்தைப் பார்த்துப் பிடிச்சு வைக்கப் பழகுபவர் காலடித் தடத்தைப் பார்த்து ஓடப் பழகுறவர் மாதிரி. இடுப்பு எப்ப திரும்பத் தொடங்கினது எண்டதைத்தான் அந்த நிலை காட்டுது.

ஹோகன் 1957 இல் வெளியிட்ட புத்தகத்தில் கீழ்நோக்கிய வீச்சை இடுப்பே தொடங்கவேணும் எண்டு அழுத்திச் சொன்னார். 1949 பெப்ரவரியில் பஸ் ஒன்று அவரது காரில் நேருக்கு நேர் மோதியபோது உடைந்தவற்றில் அந்த இடுப்பெலும்பும் ஒன்று. மெரியனில் கட்டுப்போட்ட கால்களோடு, ஒரே நாளில் 36 குழி நடந்து, அடுத்த நாள் மேலதிக ஆட்டத்தில் வென்றார்.