திண்ணையிலிருந்து தேயிலை மலைக்கு

மலேசியாவில் பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் மலைப்பாதையில் அமைந்த திரிங்காப்பையும் அதன் அண்டையிலுள்ள கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களையும் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் எந்தப் பாடத்தை எந்த முறையில் கற்றார்கள் என்ற சரித்திரத்தை, அவர்களுடைய முன்னோர் விட்டு வந்த தமிழகத்துத் திண்ணைப் பள்ளியிலிருந்தே தொடங்க வேண்டும்.

உபாத்தியாயர் ஒருவரே; திண்ணையும் ஒன்றே; ஆயினும் பாடத்துக்குப் பாடம் கற்கும் வழி அங்கே வேறாக இருந்தது. எழுத்து, மணலில் விரலால் வரைந்து வரைந்து கைக்குப் பழகியது. முந்திரி, காணி, மா என்னும் பின்னங்களைக் கொண்ட எண்சுவடி வாய்ப்பாடு, சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல மற்றவர்கள் உரத்துத் திருப்பிச் சொல்ல, செவி வழியே ஞாபகத்தில் ஊன்றியது. முந்திரி என்றால் 320-ல் ஒன்று, காணி என்றால் 80-ல் ஒன்று என்பதைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லுமளவுக்கு அந்தப் பயிற்சி நடந்தது. நிகண்டு போன்ற சொற்றொகை நூல்களோ, பொருள் பின்னால் விளங்கும் என்ற நம்பிக்கையில் முதலில் நெட்டுருச் செய்யப்பட்டன. சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல் பாதிரியார், மணலில் எழுதும் இவ்வழக்கத்தைக் கண்டு வியந்து தம் பள்ளியிலும் கைக்கொண்டு, மூத்த மாணவரே இளையோருக்குப் போதிக்கும் ஏற்பாட்டோடு அதை இணைத்து, 1797-ல் லண்டனில் நூலாக வெளியிட்டார் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்க விஷயம்.

1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தை ஸ்தாபித்த பிறகு கேமரன் மலையில் தேயிலைத் தொழில் பெருகியது. கொழுந்து பறிக்க வந்த குடும்பங்கள் லயங்களில் குடியேறின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. சட்டம் பள்ளியைக் கேட்டதே ஒழியப் பயிற்சி பெற்ற உபாத்தியாயரை வற்புறுத்தவில்லை. ஆகவே மலாயாவின் தோட்டங்கள் பலவற்றில் கங்காணியோ கணக்கெழுதும் கிராணியோ போதித்தார். வாய்ப்பாட்டுக்கு ஏற்ற கூட்டுப் பாராயணமே வாசிப்புக்கும் பூகோளத்துக்கும் பொது முறையாயிற்று. திண்ணையில் பாடத்துக்குப் பாடம் இருந்த முறை வேறுபாடு இவ்வாறு மங்கியதைத்தான் நான் பெரிய நஷ்டமாகக் கருதுகிறேன்.

பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தித் தேயிலையாக்கும் ஆலையில், பச்சை இலை செம்பழுப்பாக நிறம் மாறுவதைக் கண்ணால் கண்டு, காற்று இலையின் சாற்றோடு சேர்வதால் அம்மாற்றம் நிகழ்கிறது என்று ஒரு சிறுவன் அறிந்துகொள்வானாயின், அது நூறு முறை பாராயணம் செய்த விஞ்ஞானப் பாடத்தினும் மேலானது என்பதே என் அபிப்பிராயம். விஞ்ஞானம் கண்ணாலும் கையாலும் கற்க வேண்டியது. கணக்கோ அன்றாடம் போட்டுப் பழக வேண்டியது.

மலாயாவின் கல்வி பற்றிய 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கைக்குப் பின் தமிழ்ப் பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. ஆரம்பப் பள்ளியை முடித்த பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் சேருமுன் புதுமுக வகுப்பில் ஓராண்டு தங்கி, அதே சரித்திரத்தையும் கணக்கையும் வேறு பாஷையில் கற்க ஆயத்தமாக வேண்டியிருந்தது. பொருள் விளங்காத நெட்டுரு அங்கே உதவாது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகிய மூன்றையும் பிரதானமாகக் கொண்ட ஆரம்பப் பள்ளிப் பாடத்திட்டம் 1983-ல் அமலுக்கு வந்தது. 2003-ல் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டபோது, தாய்மொழியில் யோசித்துப் பார்க்க வேண்டிய இவ்விரு பாடங்களையும் சொற்களை மனனம் செய்து கடக்கும் சிரமம் மீண்டும் பிள்ளைகள் தலையில் விழுந்தது. ஆங்கிலத்தில் போதிக்கும் அத்திட்டத்தைக் கைவிடுவதென்று அரசாங்கம் 2009-ல் அறிவித்தது.