பாம்புக்கடிக் கட்டு: ஒரு முதலுதவி வளர்ந்ததும் விலக்கப்பட்டதும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டி போன்ற ஊர்களில் வயலில் ஒருவரைப் பாம்பு தீண்டினால், தோள் துண்டை உருவிக் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். இதைக் கிராமத்து அறியாமை என்று ஒதுக்கிவிடுகிறோம். அது நியாயமல்ல. கட்டு பழைய வழக்கம்தான். ஆனால் அதற்கு நூறாண்டுக்கு மேல் ஒப்புதல் முத்திரை குத்திக் கொடுத்தவை மருத்துவ நூல்களே.

சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் இயற்கையியலாளராக இருந்த பாட்ரிக் ரஸ்ஸல், கோரமண்டல் கரைப் பாம்புகளைப் பற்றிய தம் நூலை 1796-இல் வெளியிட்டார். பாஷாணமும் பாதரசமும் சேர்ந்த தஞ்சாவூர் மாத்திரை அப்போது பாம்புக்கடிக்குப் பேர்போன மருந்து. அதை அவர் விலங்குகளில் சோதித்துப் பார்த்தார். கண்ணாடி விரியன் இன்றும் அறிவியலில் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1872-இல் இந்தியாவின் நச்சுப் பாம்புகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஜோசப் ஃபேரர், மருந்து என்று சொல்லப்பட்ட பலவற்றைப் பயனற்றவை என்று தள்ளினார். கட்டையும் கீறிச் சுடுவதையும் மட்டும் தள்ளவில்லை.

1904-இல் லாடர் பிரன்டன், ஃபேரர், லியோனார்ட் ராஜர்ஸ் மூவரும் ராயல் சொசைட்டியில் ஓர் ஆய்வை முன்வைத்தார்கள். அதில் வந்த கருவி சிறியது: ஒரு முனையில் கூரான கத்தி, உள்ளீடற்ற மரப்பிடிக்குள் பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகங்கள். கட்டுப் போட்டு, கடிவாயைக் கீறி, படிகத்தை எச்சிலில் குழைத்துத் தேய்க்க வேண்டும். மருத்துவர் அருகில் இல்லாத இடத்தில் எவரும் கையாளத்தக்க முறை என்பதே அதன் நோக்கம். நோக்கத்தில் குறையில்லை. சோதனைக் குழாயில் பெர்மாங்கனேட் நஞ்சை முறிக்கவும் செய்தது. ஆனால் தசைக்குள் பரவிவிட்ட நஞ்சை அது எட்டவில்லை, தசையைத்தான் புண்ணாக்கியது. மருந்து வழக்கொழிந்த பின்னும் கீறும் பழக்கம் தங்கிவிட்டது.

கீறுவது ஏன் ஆபத்து? கண்ணாடி விரியன் நஞ்சு இரத்தத்தின் உறைதிறனையே அழிக்கிறது. மருத்துவமனையில் அது கடித்தவரின் இரண்டு மில்லி இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைக்கிறார்கள். பிறகு சாய்த்தால் தண்ணீராக ஓடுகிறது. அப்படிப்பட்ட உடம்பில் பிளேடு பட்டால் இரத்தம் எப்படி நிற்கும்? இறுக்கிய கட்டோ இரத்த ஓட்டத்தைத் தடுத்துக் காலை அழுகச் செய்கிறது. திடீரென அவிழ்த்தால் தேங்கிய நஞ்சு ஒரேயடியாகப் பாய்கிறது. ஏற்கெனவே இறுகக் கட்டி வந்தவருக்கு அதை மருத்துவரே தயார்நிலையில் அவிழ்க்க வேண்டும் என்பது அதனால்தான்.

1979-இல் ஆஸ்திரேலியாவின் ஸ்ட்ரூவன் சதர்லேண்ட் கால் முழுவதும் துணிச்சுற்றுப் போட்டு அசையாமல் வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். நரம்பைத் தாக்கும் அந்நாட்டுப் பாம்புகளுக்கு அது பொருந்தியது. கடித்த இடத்திலேயே தசையை அழிக்கும் விரியன்கள் மிகுந்த நம் நாட்டுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. 2009-இன் இந்திய அரசு வழிகாட்டி சொன்னது எளியது: தைரியம் சொல், எலும்பு முறிவுக்கு வைப்பதுபோல் சிம்பு வைத்து உறுப்பை அசையாமல் வை, தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோ, வழியில் கண்ட அறிகுறிகளை மருத்துவரிடம் சொல். வீங்குமுன் மோதிரம், மெட்டி, தண்டையைக் கழற்றிவிட வேண்டும். மாந்தோப்புக் காவலுக்குத் தரையில் படுத்தவர் விடியலில் வயிற்றுவலியோடு எழுந்து, இமை சரிகிறது என்றால், கடிவாய் தெரியாவிட்டாலும் கட்டு விரியனைச் சந்தேகிக்க வேண்டும்.

இவ்வளவு எளிமை எப்படிச் சாத்தியமாயிற்று? மருத்துவமனையில் உண்மையான முறிமருந்து இருப்பதால்தான். 1890-களில் ஆல்பர்ட் கால்மெட் நஞ்சுமுறி சீரத்தைக் கண்டறிந்தார். நல்ல பாம்புக்கான சீரம் கண்ணாடி விரியனுக்கு உதவாது என்பதை இந்தியாவில் ஜார்ஜ் லேம்ப் காட்டினார். அந்தப் பாதையில் வந்ததே இன்றைய நால்வகைப் பாம்பு மருந்து. அதற்கான நஞ்சின் பெரும்பகுதியை 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியிலிருந்து தருகிறது. அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. தமிழகத்தில் 2008-இல் வந்த 108 ஆம்புலன்ஸ் மருந்துக்கும் கிராமத்துக்கும் இடையிலான தூரத்தைக் குறைத்தது. 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாகத் தமிழக அரசு ஆக்கியது.

ஆனால் இந்த நால்வகை மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கே. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் மூக்குக் குழிவிரியனின் நஞ்சுக்கு இது வேலை செய்வதில்லை. ஆகவே மலையடிவாரத்தில் கடிபட்டவர், பாம்பைத் துரத்தி அடிக்கப் போகாமல், அது எப்படியிருந்தது என்று சொல்வது சிகிச்சையையே மாற்றக்கூடிய தகவல்.