கழிவும் தன்மதிப்பும்: நேக் சந்தின் பாறைத் தோட்டம்

முன்னுரை

‘கழிவு’ என்னும் சொல் ‘கழி’ என்னும் வினையடியாகப் பிறந்தது. எப்பொருளும் தன் இயல்பால் கழிவாவதில்லை. பயனற்றதென ஒருவர் கழிக்கும்போதே அது கழிவாகிறது. அவ்வாறு கழிக்கப்பட்டவற்றைக் கண்டெடுத்துக் கலை படைப்பவர், மதிப்பை வரையறுக்கும் உரிமை யாருக்கு உரியது என்னும் வினாவையும் எழுப்புகிறார். சண்டிகரில் நேக் சந்த் (1924–2015) உருவாக்கிய பாறைத் தோட்டத்தின் வரலாற்றை இவ்வினாவின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

புதிய நகரும் பழைய இடிபாடும்

நேக் சந்த் இன்றைய பாகிஸ்தானிலுள்ள சக்கர்கர் வட்டாரத்தில் பிறந்தவர். 1947ஆம் ஆண்டுப் பிரிவினை அவரது குடும்பத்தைப் புலம்பெயரச் செய்தது. அப்பிரிவினையால் லாகூரை இழந்த இந்தியப் பஞ்சாபிற்கெனப் புதிய தலைநகராகச் சண்டிகர் எழுந்தது. அதன் திட்டத்தை லெ கொர்புசியே வகுத்தார். அங்கு நேக் சந்த் 1951இல் சாலை ஆய்வாளராகப் பணியேற்றார். நகருக்காகச் சிற்றூர்கள் பல அகற்றப்பட்டன. அவற்றின் இடிபாடுகளையும் ஆற்றுக் கற்களையும் அவர் 1958 அளவில் மிதிவண்டியில் சேகரிக்கத் தொடங்கினார். சுக்னா ஏரியை அடுத்த, கட்டுமானம் தடைசெய்யப்பட்ட அரசு வனநிலத்தில், பணிநேரம் முடிந்தபின் இசைவின்றித் தம் படைப்பை வளர்த்தார். வீடிழந்து வந்த ஒருவரின் கையில் வீடிழந்த பிறரின் சுவர்கள் மூலப்பொருளாயின என்பது குறிப்பிடத்தக்கது.

ஆக்கமுறை

மார்செல் டூஷாம்ப் 1917இல் சிறுநீர்க் கலத்தைக் கலைப்பொருளாக முன்வைத்தபோது, தெரிவு செய்தலே கலைச்செயலாயிற்று. நேக் சந்திடம் தெரிவோடு உழைப்பும் இணைகிறது. பழைய மிதிவண்டிச் சட்டங்கள் உருவங்களுக்கு எலும்பாயின. அவற்றின்மீது பூசிய சிமெண்டில் உடைந்த வளையல், பீங்கான், ஓடு ஆகியவை பதிக்கப்பட்டன. மனிதர், விலங்கு, பறவை என உருவங்கள் கூட்டங்கூட்டமாக வரிசையில் நிற்கின்றன. தனியொரு நாயகன் இல்லாத இவ்வமைப்பில் மதிப்பு கூட்டத்திற்கு உரியதாகிறது.

அங்கீகாரமும் அதன் எல்லையும்

1970களில் இத்தோட்டம் அதிகாரிகளுக்குத் தெரியவந்தது. சட்டப்படி அது ஆக்கிரமிப்பு. எனினும், மக்கள் ஆதரவால் இடிப்பிலிருந்து தப்பி 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. படைப்பாளருக்கு ஊதியமும் பணியாளர்களும் வழங்கப்பட்டனர். 1984இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆயினும், 1990 அளவில் சாலைக்காகத் தோட்டத்தின் ஒரு பகுதியை இடிக்க முயன்றபோது, மக்கள் மனிதச் சங்கிலியாய் நின்று தடுக்க நேர்ந்தது. அரசு அளித்த அங்கீகாரம் நிலையானதாக அமையவில்லை என்பதை இந்நிகழ்வு புலப்படுத்துகிறது.

கலையுலகின் அங்கீகாரத்திலும் ஒரு முரண் உண்டு. ரோஜர் கார்டினல் 1972இல் வழக்கிற்குக் கொணர்ந்த ‘அவுட்சைடர் ஆர்ட்’ என்னும் பிரிவில் நேக் சந்த் வைத்தெண்ணப்படுகிறார். படைப்பாளரிடம் இருப்பதைக் கூறாமல், அவருக்கு முறைசார் பயிற்சி இல்லாமையைக் கூறும் பெயர் அது. கழிக்கும் செயல் பாராட்டிலும் தொடர்கிறது.

முடிவுரை

பார்வையாளரோ ஊதியமோ இன்றி, ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இப்பணி நிகழ்ந்தது. எனவே, இங்குத் தன்மதிப்பு அங்கீகாரத்தின் விளைவன்று. அதற்கு முந்தைய அன்றாடச் செயல். அப்படைப்பு நிலைத்ததற்குப் பிறரின் ஆதரவு தேவைப்பட்டது, தொடங்குவதற்குத் தேவைப்படவில்லை. கண்டெடுத்த பொருட்கலையை ஆராய்வோர் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காண்பது இன்றியமையாதது.