நீலப் பொட்டியும் ரசப் பக்குவமும்

மக்கா, ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. இன்னிக்கு வந்ததுக்குக் காரணம் எங்க வீட்டு வயர்லெஸ் ரூட்டர்.

நான் ஆபீஸ் ஃபைல் எதையாவது அப்லோட் பண்ண ஆரம்பிச்சா போதும், அடுத்த ரூம்ல அம்மா அக்காவோட பேசிட்டிருக்கிற வீடியோ கால் அப்படியே நின்னு போயிடும். "அந்தப் பொட்டியத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குடா"ன்னாங்க. கடைக்காரரும் அதையேதான் சொன்னார். கூடவே எட்டாயிரம் ரூபாய்னு விலையும் சொன்னார். ரூட்டருக்கு வயசு நாலுதான். ஆனா கம்பெனிக்காரன் அப்டேட் குடுக்கிறதை நிறுத்தி ஒரு வருஷம் ஆச்சு.

அப்பதான் நீலப் பொட்டி கதை ஞாபகம் வந்துச்சு. கொசுவர்த்தி சுத்திக்கோங்க, 2002க்குப் போறோம்.

அந்த வருஷக் கடைசியில லின்க்சிஸ் கம்பெனி டபிள்யூஆர்டி54ஜின்னு ஒரு ரூட்டரை விட்டுச்சு. நீலமும் கறுப்புமா உடம்பு, பின்னாடி கொம்பு மாதிரி ரெண்டு ஆன்டெனா. அதுவரை வீடுகள்ல இருந்த 802.11பி வேகம் நொடிக்கு 11 மெகாபிட். இது 54. 802.11ஜி தரநிலைக்கு ஒப்புதல் கிடைச்சதே 2003 ஜூன்லதான். பொட்டி அதுக்கு முன்னாடியே கடைக்கு வந்துடுச்சு. (அட்டைப்பெட்டி மேல 54ன்னு போட்டிருந்தாலும் கைக்கு வந்தது பாதிகூட இல்லை. அந்தப் பழக்கம் இன்னிவரைக்கும் மாறல :-))

2003 மார்ச்ல, லின்க்சிஸை சுமார் 50 கோடி டாலருக்கு வாங்கப் போறதா சிஸ்கோ அறிவிச்சது. ஜூன் மாசம் லினக்ஸ் கெர்னல் எழுதுறவங்களோட மின்னஞ்சல் குழுவுக்கு ஒரு நிரலர் கடிதம் போட்டார். விஷயம் சின்னதுதான். இந்த ரூட்டருக்குள்ள ஓடுறது லினக்ஸ். அப்ப அதோட மூல நிரல் எங்கே?

இதுல என்ன தப்புன்னு கேக்குறவங்களுக்கு, லினக்ஸ் வெளியாகுற ஜிபிஎல் உரிமத்தை இப்படி வச்சுக்கலாம். பக்கத்து வீட்டு மாமி தன்னோட ரசப் பக்குவத்தை உங்களுக்கு சும்மாவே குடுக்குறாங்க. நீங்க மாத்தலாம், பூண்டு கூட்டலாம், ஹோட்டல் வச்சு விக்கவும் செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை. ரசம் வாங்குறவங்க கேட்டா, நீங்க மாத்தின பக்குவத்தையும் குடுத்துடணும். லின்க்சிஸ் ரசத்தை வித்தாங்க, பக்குவத்தைக் குடுக்கல.

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் தலையிட, அந்த வருஷமே மூல நிரல் வெளிய வந்துச்சு. இன்னொரு கூத்தும் நடந்தது. ரூட்டரோட அமைப்புப் பக்கத்துல பிங் பண்ணிப் பாக்க ஒரு கட்டம் இருக்கும். அதுல முகவரிக்குப் பதிலா லினக்ஸ் கட்டளையைக் கொஞ்சம் சூதானமா அடிச்சா, அதுவும் ஓடிடுச்சு! முன்வாசல் மட்டுமில்ல, நம்மாளுங்க ஜன்னல் வழியாவும் இறங்கிட்டாங்க.

2004 ஜனவரியில ஓபன்டபிள்யூஆர்டி பொறந்தது. டிடி-டபிள்யூஆர்டி மாதிரி வேற பல மென்பொருள்களும் வந்துச்சு. அதே பொட்டியை ரிப்பீட்டரா மாத்தலாம், யாரோட டிராஃபிக் முதல்ல போகணும்னு வரிசை போடலாம். ரேடியோவோட உச்ச வேகம் என்னவோ அதே 54தான். அதை எந்த மென்பொருளும் கூட்ட முடியாது. ஆனா இருக்கிற வேகத்தை எப்படிப் பங்கு போடுறதுன்னு வாங்கினவனே முடிவு பண்ண முடிஞ்சது.

2005ல கதை திரும்புது. அஞ்சாம் பதிப்புல லினக்ஸைத் தூக்கிட்டு விஎக்ஸ்ஒர்க்ஸ் போட்டாங்க. 16 மெகாபைட் ராம் 8 ஆச்சு, 4 மெகாபைட் ஃப்ளாஷ் 2 ஆச்சு. வெளிய பாத்தா அதே நீலப் பொட்டி, அதே பேரு! பழைய லினக்ஸ் வடிவம்தான் வேணும்னு கேட்டவங்களுக்கு டபிள்யூஆர்டி54ஜிஎல்னு தனியா ஒண்ணு விட்டாங்க, விலை கொஞ்சம் கூட. அந்த மாடல் 2016லயும் கடையில வித்துக்கிட்டு இருந்தது. அதுக்குள்ள 802.11என், 802.11ஏசின்னு ரெண்டு தலைமுறை வந்துடுச்சு பாருங்க.

மத்த லின்க்சிஸ் பொருட்கள்லயும் உரிமத்தை ஒழுங்கா மதிக்கலன்னு 2008 டிசம்பர்ல அறக்கட்டளை சிஸ்கோ மேல வழக்குப் போட்டது. 2009 மே மாசம் சமரசத்துல முடிஞ்சது.

சரி, இதுக்கும் அம்மாவோட வீடியோ காலுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. 2010 வாக்குல ஜிம் கெட்டிஸ்ங்கிற அமெரிக்க நிரலர் தன் வீட்டு நெட் ஏன் திணறுதுன்னு தோண்ட ஆரம்பிச்சார். பேங்க் கவுன்ட்டர்ல மூட்டைச் சில்லறையோட நிக்கிறவர் பின்னாடி, பாஸ்புக் என்ட்ரி போட வந்தவர் காத்துக் கிடப்பாரே, அதேதான் இங்கயும். பெரிய ஃபைலோட பாக்கெட்டுங்க ரூட்டர், மோடம் நினைவகத்துல நீளமா வரிசை கட்டிடுது. வீடியோ கால் பாக்கெட் கடைசியில மாட்டிக்குது. பஃபர்ப்ளோட்னு பேர் வச்சார். 2012ல கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல்ங்கிற தீர்வை வெளியிட்டாங்க. அதை நிஜ வீட்டு ரூட்டர்ல சோதிச்சது எதுலங்கிறீங்க? ஓபன்டபிள்யூஆர்டியிலிருந்து கிளைச்ச செரோடபிள்யூஆர்டியில. பூட்டின பொட்டியா இருந்திருந்தா கம்பெனிக்காரன் மனசு வைக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

என் ரூட்டரைத் தலைகீழா கவுத்து ஸ்டிக்கர்ல பதிப்பு எண் பாத்தேன். ஓபன்டபிள்யூஆர்டி பட்டியல்ல இருந்தது. சனிக்கிழமை ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் ஏத்தினேன். அந்த மூணு நிமிஷம் நெஞ்சு அடிச்சுக்கிட்டது நிஜம். அப்லோட் வேகத்தை லைனோட நிஜ வேகத்துக்குக் கொஞ்சம் கீழ நிறுத்தினாத்தான் வரிசை நம்ம ரூட்டர் கட்டுப்பாட்டுக்கு வரும். அதனால ஸ்பீட் டெஸ்ட்ல நம்பர் முன்னைவிடக் குறைஞ்சிருக்கு. ஆனா நான் அப்லோட் பண்றப்பவும் அக்கா முகம் உறையல.

காலையில அம்மா, "புது ரூட்டர் நல்லாருக்குடா"ன்னாங்க. எட்டாயிரம் பத்தி நான் வாயே திறக்கல.

அந்தப் பழைய நீலப் பொட்டிக்கு இப்ப வர்ற ஓபன்டபிள்யூஆர்டி பத்தாது, நினைவகம் சின்னது. ஆனா 2024 நவம்பர்ல ஓபன்டபிள்யூஆர்டி ஆளுங்களே தங்களுக்குன்னு ஒரு ரூட்டரை விட்டுட்டாங்க. புதுசு வாங்கித்தான் ஆகணும்னா, எத்தனை மெகாபிட்னு மட்டும் கேக்காதீங்க. எத்தனை வருஷம் அப்டேட் வரும், நின்னு போனா நாமளே வேற மென்பொருள் போட முடியுமா, இதையும் கேளுங்க. கடைக்காரர் முழிப்பார், பரவால்ல.

டிஸ்கி: பதிப்பு எண் பாக்காம வேற மாடலோட ஃபைலை ஏத்திட்டு, ரூட்டர் செங்கல்லா போச்சுன்னு பின்னூட்டத்துல வந்து திட்டப்படாது. சொல்லிட்டேன் :-)