களைமருந்தும் பெண்ணுடலும்

சங்கரன்கோவில் வட்டாரத்து மானாவாரிக் காடுகளில் களை எடுப்பு பெண்களின் வேலை. மேலநீலிதநல்லூரிலும் உளுந்தோ மக்காச்சோளமோ முளைத்த பிறகு களைக்கொத்தியோடு நிரை பிடித்துக் குனிந்து நகர்பவர்கள் அவர்களே. அந்த வேலையில் ஒரு பங்கை இன்று களைக்கொல்லிப் புட்டி எடுத்துக்கொண்டது. கடையிலும் காட்டிலும் அதற்குப் பெயர் ‘மருந்து’. அப்படி மருந்தாக விற்கப்படும் நஞ்சுகளில் ஒன்று பாராகுவாட். அதன் கேட்டை உலகறியச் செய்ததில் மலேசியத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

மலாயா ரப்பர்த் தோட்டங்களில் முன்பு களையை அழிக்கச் சோடியம் ஆர்சனைட் தெளித்தார்கள்; அது ஆர்சனிக் நஞ்சு. பாராகுவாட்டின் களைகொல்லும் தன்மையை 1955இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் கண்டறிந்தது. 1962இல் ‘கிராமக்சோன்’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. பழைய நஞ்சுக்குப் பாதுகாப்பான மாற்று என்று வரவேற்கப்பட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது வேலையும் பால் பிரிந்தது. குலை வெட்டுவது ஆணுக்கு. கூலி குறைந்த மருந்தடிப்பு பெரும்பாலும் பெண்ணுக்கு.

பாராகுவாட் பட்ட பசுமை வெயிலில் ஓரிரு நாளில் கருகிவிடும். மனித உடலுக்குள் போனால் அது நுரையீரலில் சேர்ந்து, மூச்சுப்பைகளைத் தழும்பாக்கி இறுக்கும். முறிமருந்து கிடையாது. நாள்தோறும் தெளிப்பவர்களுக்குத் தோல் புண்ணாகும், நகம் நிறம் மாறிக் கழன்று விழும், மூக்கில் இரத்தம் வடியும், கண் பாதிக்கப்படும். முதுகில் தொங்கும் தெளிப்பான் கசிந்தால் சேலையும் சட்டையும் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். காயம்பட்ட தோல் நஞ்சை எளிதில் உள்ளே விடும்.

‘முறைப்படி பயன்படுத்தினால் ஆபத்தில்லை’ என்பது நிறுவனங்களின் நிலையான பதில். கையுறை, முகக்கவசம், முழங்கால்வரை காலணி, உடனே கழுவத் தண்ணீர்: இவைதாம் அந்த முறை. புழுக்கமான செம்பனைக் காட்டில், நாள்கூலியில், வேறொரு மொழியில் அச்சிட்ட லேபிளோடு நிற்கும் பெண்ணுக்கு இதில் எது வாய்க்கும்? வாய்க்காத முறையை விதித்துவிட்டு, நோய் வந்ததும் அவளது கவனக்குறைவு என்றார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் பாராகுவாட் ‘மிதமான அபாயம்’ என்ற வகுப்பில்தான் இருக்கிறது. அந்த வகைப்பாடு பெரிதும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த உடனடி நச்சுத்தன்மையை வைத்துச் செய்யப்பட்டது. ஆண்டுக்கணக்கில் மருந்தடித்த உடம்பு அதன் கணக்கில் இல்லை.

அந்தக் கணக்கை எழுதத் தொடங்கியவர்கள் பெண்கள். ஐரீன் பெர்னாண்டஸ் 1991இல் தொடங்கிய தெனாகனிதா அமைப்பு, பினாங்கிலுள்ள பூச்சிக்கொல்லி எதிர்ப்பு வலையமைப்புடன் சேர்ந்து, தோட்டத்துப் பெண்களிடம் கேட்டு 1992இலும் 2002இலும் ஆய்வறிக்கைகளை வெளியிட்டது. 2002 ஆகஸ்டில் மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006இல் அந்த முடிவிலிருந்து பின்வாங்கியது. முழுத்தடை 2020 ஜனவரி 1இல்தான் வந்தது. ஐரீன் 2014இலேயே இறந்துவிட்டார்.

ஸ்வீடன் 1983இலும் சுவிட்சர்லாந்து 1989இலும் தம் மண்ணில் இதைத் தடை செய்தன. ஆனால் பின்னாளில் இதை உலகெங்கும் விற்ற சின்ஜென்டாவின் தலைமையகம் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருக்கிறது. 2007இல் ஐரோப்பிய நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்த பிறகும் இங்கிலாந்தின் ஹடர்ஸ்பீல்டிலிருந்து ஏற்றுமதி நடந்தது. தன் வயலுக்கு ஆகாதது பிறர் வயலுக்கு ஆகும் என்பதே இந்த வணிகத்தின் அறம்.

கேரளம் 2011இல் பாராகுவாட்டைத் தடை செய்தது. நம் பக்கத்தில் அப்படி ஏதும் நடக்கவில்லை. களைக்கொத்தி காலத்தைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. இடுப்பு ஒடியும் வேலை அது, கூலியும் ஆணைவிடக் குறைவு. ஆனால் புட்டி வந்ததும் அந்தக் கூலி போனது, நஞ்சு மட்டும் மிஞ்சியது. இங்கே தெளிப்பவர் பெரும்பாலும் ஆண்தான். கலக்கத் தண்ணீர் சுமப்பதும், நனைந்த சட்டையைத் துவைப்பதும், மருந்தடித்த வரப்பில் மாட்டுக்குப் புல் அறுப்பதும் பெண். இவை வேலையாகவே எண்ணப்படாததால் இவற்றால் வரும் நோயும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

மலேசியாவில் தடைக்கான வழி திறந்தது, கழன்ற நகத்தையும் மூக்கில் வடிந்த இரத்தத்தையும் ஒருவர் கேட்டு எழுதியபோது. நம் மாணவிகளின் அம்மாக்களும் அத்தைகளும் அந்தக் காடுகளில்தான் நிற்கிறார்கள். எந்தப் புட்டி, எத்தனை நாள், உடம்பில் என்ன செய்தது என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கலாம். அந்த ஏடு இல்லாதவரை, ‘நீதான் கவனமாக இருக்கவில்லை’ என்ற பதிலை மறுக்க நம் கையில் எதுவும் இல்லை.