பீதி அடைந்தது யார்? ஃபுகுஷிமா 2011 பற்றிச் சில குறிப்புகள்

2011 மார்ச் மாதம் ஆபீசில் இருந்தபோது எனக்கு ஒரு எஸ்.எம்.எஸ். வந்தது. பிபிசி அவசரச் செய்தி என்று தலைப்பு. ஜப்பானில் அணு உலை கசிகிறது, ஆசிய நாடுகள் எல்லாம் உஷாராக இருக்க வேண்டும், மழை பெய்தால் 24 மணி நேரம் வெளியே வராதீர்கள், கழுத்தில் தைராய்டு இருக்கும் இடத்தில் பீட்டாடின் தடவிக்கொள்ளுங்கள் என்று போனது அந்தச் செய்தி. பி.இ. படித்தவன், தினமும் லாஜிக் எழுதிப் பிழைக்கிறவன். ஆனாலும் நாலு பேருக்கு ஃபார்வர்டு செய்தேன். "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

அது பொய்ச் செய்தி. பிபிசி அப்படி எதுவும் சொல்லவில்லை. பிலிப்பைன்ஸில் அதே செய்தி பரவி அரசாங்கமே மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. ஃபுகுஷிமா பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது என் மனதில் இருந்த கேள்வி இதுதான்: பேரிடர் வந்தால் ஜனங்கள் ஏன் இப்படிப் பதறுகிறார்கள்? படித்து முடித்தபோது அந்தக் கேள்வியே தப்பு என்று தோன்றியது. எப்படி என்று சொல்கிறேன்.

உப்பு மூட்டையும் வாய் கொப்பளிக்கும் மருந்தும்

முதலில், என்னை மாதிரி ஆட்கள் எத்தனை பேர் என்று பார்ப்போம். மார்ச் 16, 17 தேதிகளில் சீனாவின் பல நகரங்களில் கடைகளில் உப்பு தீர்ந்துபோனது. உப்பில் அயோடின் இருக்கிறது, அது கதிர்வீச்சிலிருந்து காக்கும் என்பது ஒரு காரணம். இனிமேல் கடல் உப்பு விஷமாகிவிடும் என்பது இன்னொன்று. சீனாவில் விற்கும் உப்பில் பெரும்பகுதி கடலிலிருந்து வருவதே இல்லை. அமெரிக்காவில், பசிபிக் பெருங்கடலுக்கு அந்தப் பக்கம், பொட்டாசியம் அயோடைடு மாத்திரை கையிருப்பு காலியானது.

உப்புக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். தைராய்டைக் காக்கப் பெரியவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரையில் சுமார் 100 மில்லிகிராம் அயோடின் இருக்கும். அயோடின் கலந்த உப்பில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு மாத்திரைக்கு ஈடாக 3 கிலோவுக்கு மேல் உப்பு தின்ன வேண்டும். கதிர்வீச்சு கிட்டே வருவதற்கு முன்னால் உப்பே ஆளைக் கொன்றுவிடும்.

ஜப்பானுக்குள்ளும் வதந்திக்குக் குறைவில்லை. அயோடின் கலந்த, வாய் கொப்பளிக்கும் மருந்தைக் குடித்தால் நல்லது என்று ஒரு பேச்சு கிளம்ப, கதிரியக்க மருத்துவ ஆய்வு நிறுவனம் "குடிக்காதீர்கள்" என்று அறிவிக்க வேண்டியிருந்தது. நிலநடுக்கத்தில் சிபா பகுதியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்று எரிந்தது. அதன் நச்சு மழையோடு சேர்ந்து இறங்கும் என்று சங்கிலி மின்னஞ்சல்கள் பறந்தன. டோக்கியோ கடைகளில் நூடுல்ஸ், பேட்டரி, டாய்லெட் பேப்பர் எல்லாம் காலி.

இதையெல்லாம் மட்டும் படித்தால், "ஜனங்கள் என்றால் இப்படித்தான்" என்று முடித்துவிடலாம். நானும் கொஞ்ச நாள் அங்கேயே நின்றேன்.

நாமியே ஊர்க்காரர்கள் போன திசை

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்ச் 11, வெள்ளிக்கிழமை மதியம் 2:46-க்கு நிலநடுக்கம், ரிக்டர் அளவு என்று நாம் வழக்கமாகச் சொல்லும் கணக்கில் 9. ஓடிக்கொண்டிருந்த 3 உலைகளும் தானாக நின்றன. சுமார் 50 நிமிடம் கழித்து வந்த ஆழிப்பேரலை டீசல் ஜெனரேட்டர்களையும் மின் பலகைகளையும் மூழ்கடித்தது. நின்றுபோன உலையும் சூடு கக்கிக்கொண்டே இருக்கும். குளிர்விக்கக் கரண்ட் இல்லை. 12-ம் தேதி 1-வது உலைக் கட்டடமும் 14-ம் தேதி 3-வதும் 15-ம் தேதி 4-வதும் ஹைட்ரஜனால் வெடித்தன.

வெளியேற்ற உத்தரவு தவணை தவணையாக வந்தது. 11-ம் தேதி இரவு 3 கிலோமீட்டர். மறுநாள் விடிகாலை 10. அன்று மாலையே 20. மூட்டையை இறக்கி வைத்த இடத்திலிருந்து மறுபடி கிளம்பு, மறுபடி கிளம்பு என்று சிலர் 5, 6 தடவைகூட இடம் மாறினார்கள்.

உலைக்கு வடக்கே நாமியே என்று ஒரு சிற்றூர். அரசாங்கத்திடமிருந்து நேரடியாக எந்தத் தகவலும் வரவில்லை, டிவி பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம் என்று அதன் மேயர் தமோத்சு பாபா பிற்பாடு திரும்பத் திரும்பச் சொன்னார். கடற்கரையிலிருந்து விலகி, மலைப்பக்கம் உள்ள த்சுஷிமா என்ற பகுதிக்கு ஆயிரக்கணக்கானவர்களை அனுப்பினார்கள். தூரம் போதும். ஆனால் திசை வடமேற்கு. 15-ம் தேதி காற்று அந்தப் பக்கம் திரும்பி, மழையும் பனியும் சேர்ந்து கதிரியக்கத் துகள்களை அங்கேதான் இறக்கின.

இதைக் கணிக்க ஒரு மென்பொருள் இருந்தது. பெயர் ஸ்பீடி. காற்றின் திசை, நில அமைப்பு எல்லாம் கொடுத்தால் துகள்கள் எங்கே போகும் என்று படம் போட்டுக் காட்டும். உலையிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்று அளக்கும் கருவிகள் செத்துப்போயிருந்தன. அதனால் மணிக்கு 1 அலகு என்று வைத்து ஓட்டினார்கள். "உள்ளீடு சரியில்லை, அதனால் வெளியீட்டை நம்ப முடியாது" என்று அதிகாரிகள் சொன்னது என் தொழில் புத்திக்கும் நியாயமாகப் பட்டது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அளவு தெரியாவிட்டாலும் திசை தெரியுமே. நாமியே மக்களுக்கு அன்று வேண்டியிருந்தது திசை மட்டும்தான்.

அந்தப் படங்கள் 14-ம் தேதியே அமெரிக்க ராணுவத்துக்குக் கொடுக்கப்பட்டன. சொந்த மக்களுக்கு முதல் படம் காட்டப்பட்டது 23-ம் தேதி. மே மாதம், பிரதமரின் ஆலோசகர் கோஷி ஹோசோனோ மன்னிப்புக் கேட்டபோது தாமதத்துக்குச் சொன்ன காரணம்: மக்கள் பீதி அடைவார்கள் என்று பயந்தோம்.

இந்த இடத்தில்தான் என் கேள்வி தலைகீழானது.

மேலே இருப்பவர்களின் பதற்றம்

பேரிடர் சமூகவியலில் பழைய முடிவு ஒன்று உண்டு. ஆபத்து நேரத்தில் பெரும்பாலான ஜனங்கள் சினிமாவில் காட்டுவதுபோல முட்டி மோதி ஓடுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரை எழுப்புகிறார்கள், வரிசையில் நிற்கிறார்கள். 2008-ல் லீ கிளார்க், காரன் செஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்னொரு படி போனார்கள். மக்கள் பீதி அடைவார்கள் என்று மேலே இருப்பவர்கள் பீதி அடைவதுதான் பல சமயம் ஆபத்து என்று எழுதினார்கள். மேல்தட்டுப் பீதி என்று சொல்லலாம்.

ஜப்பான் சரித்திரத்தில் இதற்கு ஒரு கொடூரமான முன்கதை இருக்கிறது. 1923 செப்டம்பரில் டோக்கியோவை நாசமாக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, கொரியர்கள் கிணற்றில் விஷம் போடுகிறார்கள், தீ வைக்கிறார்கள் என்று வதந்தி. ஆயிரக்கணக்கான கொரியர்கள் கொல்லப்பட்டார்கள். வதந்தி என்றால் ஜப்பானிய அரசுகள் அஞ்சுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அன்றும் அந்த வதந்தியை நாடு முழுக்கக் கொண்டுபோனதில் உள்துறையின் தந்திகளுக்கே பங்கு உண்டு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

2011-க்கு வருவோம். மார்ச் 12 அன்று அணு பாதுகாப்பு அமைப்பின் செய்தித் தொடர்பாளர் கொய்ச்சிரோ நகமுரா, உலையின் எரிபொருள் உருகியிருக்க வாய்ப்பு உண்டு என்று சொன்னார். சொன்னது சரி. சீக்கிரமே அந்தப் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். டெப்கோ நிறுவனம் உருகியதை ஒப்புக்கொண்டது மே மாதம். "உருகல் என்ற வார்த்தையைப் பயன்படுத்த வேண்டாம்" என்று அப்போதைய தலைவர் மசதாகா ஷிமிசு சொல்லியிருந்தார் என்பது 2016-ல் வந்த விசாரணை அறிக்கையில்தான் தெரிந்தது.

அமைச்சரவைச் செயலர் யுகியோ எடானோ தினமும் டிவியில் வந்தார். நீல நிற வேலைச் சட்டை, தூக்கம் இல்லாத கண். ஆரம்பத்தில் ட்விட்டரில் மக்கள் அவரைப் பார்த்து "எடானோ, போய்த் தூங்குங்க" என்று பரிவோடு எழுதினார்கள். "உடனடியாக உடல்நலத்துக்குப் பாதிப்பில்லை" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மக்கள் அந்த "உடனடியாக" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படியென்றால் பிற்பாடு? அதற்குப் பதில் இல்லை. பரிவு சந்தேகமானது அந்த இடைவெளியில்தான்.

அளக்கக் கிளம்பியவர்கள்

உலையிலிருந்து 20 முதல் 30 கிலோமீட்டருக்குள் இருந்தவர்களை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள். மினாமிசோமா நகரத்தின் ஒரு பகுதி இந்த வளையத்தில் இருந்தது. லாரிக்காரர்கள் உள்ளே வர மறுத்தார்கள். பெட்ரோல் இல்லை, சாப்பாடு இல்லை. நிருபர்கள்கூடப் போனில்தான் பேசினார்கள். மேயர் கத்சுனோபு சகுராய் மார்ச் 24-ம் தேதி கேமரா முன் உட்கார்ந்து 11 நிமிடம் பேசினார். எங்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அந்த வீடியோ யூடியூப் வழியாக உலகத்துக்குச் சொன்னது. உதவி வர ஆரம்பித்தது. அவர் பதறவில்லை. தகவல் கொடுத்தார், அவ்வளவுதான்.

மார்ச் 23 அன்று டோக்கியோவின் ஒரு குடிநீர் நிலையத்தில் லிட்டருக்கு 210 பெக்கரல் கதிரியக்க அயோடின் இருந்தது. கைக்குழந்தைகளுக்கான வரம்பு 100. மாநகராட்சி எண்ணை அப்படியே சொன்னது, குழந்தை உள்ள வீடுகளுக்குப் பாட்டில் தண்ணீர் கொடுத்தது. கடைகளில் தண்ணீர் தீர்ந்தது உண்மை. ஆனால் கலவரம் இல்லை. எண்ணைச் சொன்னால் ஜனங்கள் தாங்கிக்கொள்வார்கள் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

ஏப்ரலில் இன்னொரு எண் வந்தது. பள்ளி மைதானத்தில் மணிக்கு 3.8 மைக்ரோசீவெர்ட் வரை பரவாயில்லை என்றது கல்வி அமைச்சகம். இது எங்கிருந்து வந்தது? ஒரு குழந்தை 8 மணி நேரம் வெளியே, 16 மணி நேரம் வீட்டுக்குள். வீட்டுக்குள் அளவு 40 சதவீதம். பெருக்கி 365 நாளுக்குப் போட்டால் கிட்டத்தட்ட 20 மில்லிசீவெர்ட் வருகிறது. சாதாரண மக்களுக்கு வழக்கமான வரம்பு ஆண்டுக்கு 1. அரசின் ஆலோசகராக இருந்த டோக்கியோ பல்கலைப் பேராசிரியர் தோஷிசோ கொசாகோ கண்ணீரோடு ராஜினாமா செய்தார். ஃபுகுஷிமாவின் பெற்றோர்கள் பஸ் பிடித்து வந்து அமைச்சகத்தின் முன் நின்றார்கள். மே கடைசியில், பள்ளிகளில் 1 மில்லிசீவெர்ட்டை இலக்காக வைப்போம் என்று அமைச்சகம் இறங்கி வந்தது. அந்த அம்மாக்களை "அறிவியல் தெரியாதவர்கள்" என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கென்னவோ அவர்கள் கணக்குக் கேட்டவர்களாகத்தான் தெரிகிறார்கள்.

என் தொழில்காரர்கள் செய்த காரியம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கதிர்வீச்சு அளக்கும் கருவிகள் சந்தையில் தீர்ந்துபோனதும், சேஃப்காஸ்ட் என்ற தன்னார்வக் குழு தானே கருவி செய்து, ஜிபிஎஸ் இணைத்து, காரில் மாட்டி ஊர் ஊராக ஓட்டியது. பதிவான ஒவ்வொரு எண்ணும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் ஏறியது. அணுசக்திக்கு ஆதரவா எதிர்ப்பா என்று அவர்கள் பேசவில்லை. ஒரே ஊருக்குள்கூடத் தெருவுக்குத் தெரு அளவு மாறுகிறது என்பது அந்த வரைபடத்தில் பளிச்சென்று தெரிந்தது. காம்பஸ் வைத்து வட்டம் போட்ட வெளியேற்ற எல்லையின் குறையும் தெரிந்தது.

பயத்தின் விலை

இதற்காகப் பயமே நல்லது என்று சொல்ல வரவில்லை. உலைக்குச் சில கிலோமீட்டரில் இருந்த ஃபுதாபா மருத்துவமனையின் வயதான நோயாளிகளை முறையான ஏற்பாடு இல்லாமல் பஸ்ஸில் ஏற்றினார்கள். பல மணி நேரப் பயணத்திலும் பள்ளி உடற்பயிற்சிக் கூடத் தரையிலுமாக 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஃபுகுஷிமா மாகாணத்தில் நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 1,600. அலைச்சல், இடமாற்றம், மருத்துவம் தடைபட்டது போன்றவற்றால் இறந்ததாகப் பதிவானவர்கள் 2,300-க்கும் மேல். கதிர்வீச்சால் இறந்ததாக அரசு ஒப்புக்கொண்டது, 2018-ல், நுரையீரல் புற்றுநோயால் இறந்த ஒரே ஒரு தொழிலாளியை.

ஜப்பானிய மொழியில் "ஃபூஹ்யோ ஹிகாய்" என்று ஒரு சொல் உண்டு. வதந்தியால் வரும் சேதம். சோதனையில் தேறிய ஃபுகுஷிமா அரிசியையும் பீச் பழத்தையும் வாங்க ஆளில்லை. வேறு ஊருக்குப் போன பிள்ளைகள் பள்ளியில் கேலிக்கு ஆளானார்கள். ஆனால் அந்தச் சொல்லிலும் ஒரு சூது இருக்கிறது. பழி முழுக்க வாங்காதவன் தலையில் போகிறது. இரண்டு மாதம் "உருகவில்லை" என்று சொன்னவர்கள் "இந்த அரிசி நல்லது" என்று சொன்னால் நம்புவதற்கு ஜனங்களுக்கு என்ன ஆதாரம்? பொய் சொன்னபோது செலவழித்த நம்பிக்கையை உண்மை சொல்லும்போது திரும்பக் கேட்க முடியவில்லை.

2012 ஜூலையில் டோக்கியோ யோயோகி பூங்காவில் கூடிய கூட்டத்தை ஏற்பாட்டாளர்கள் 1,70,000 என்றார்கள், போலீஸ் 75,000 என்றது. சின்ன எண்ணை எடுத்துக்கொண்டாலும் ஜப்பானுக்கு அது பெரிய கூட்டம். அதே மாதம் கியோஷி குரோகாவா தலைமையிலான நாடாளுமன்ற விசாரணைக் குழு, இது மனிதரால் விளைந்த பேரழிவு என்று எழுதியது. 15 மீட்டரைத் தாண்டும் அலை வரலாம் என்று டெப்கோவின் உள்கணக்கே 2008-ல் காட்டியிருந்தது.

இடிந்தகரையும் நானும்

கடைசியாக ஒன்று. 2011 செப்டம்பரில் இடிந்தகரையில் 127 பேர் உண்ணாவிரதம் இருந்தபோது, "டிவியில் ஃபுகுஷிமாவைப் பார்த்துப் பயந்துட்டாங்க, யாரோ கிளப்பிவிடறாங்க" என்று நண்பர்களிடம் பேசினவர்களில் நானும் ஒருவன். 2004-ல் கடல் எழுந்து வந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். பாதுகாப்பு ஆய்வு அறிக்கையைக் கொடுங்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார்கள். 2012-ல் மத்திய தகவல் ஆணையம் கொடுக்கச் சொல்லி உத்தரவே போட்டது. கூடங்குளம் பாதுகாப்பானதா என்பது வேறு விவாதம், அதில் எனக்கு இன்னும் முடிவான கருத்து இல்லை. ஆனால் அவர்கள் கேட்டது ஆவணம். படிக்காமல், விசாரிக்காமல், பீட்டாடின் தடவச் சொல்லி எஸ்.எம்.எஸ். அனுப்பியது நான்.

அதனால் இப்போதெல்லாம் "ஜனங்கள் பீதியில் இருக்கிறார்கள்" என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு என்ன தகவல், எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று முதலில் தேடிப் பார்க்கிறேன்.