வேண்டாம்னு சொல்ல யாரால முடியும்? – பேஸ்பால் டிராஃப்டின் கதை

இந்த எபிசோட் ஒரு கான்ட்ராக்ட் பத்தினது. இன்னும் சரியாச் சொன்னா, கையெழுத்தாகாம போன ஒரு கான்ட்ராக்ட் பத்தினது.

2014 ஜூலை 18. அமெரிக்க பேஸ்பால்ல அந்த வருஷம் தேர்வான புதுப் பசங்களோட ஒப்பந்தம் போட கடைசி நாள். கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஜேக்கப் நிக்ஸுக்கு அப்போ 18 வயசு, பிட்சர். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் டீம் அவரை அஞ்சாவது ரவுண்டுல எடுத்திருந்தது. 15 லட்சம் டாலர் போனஸ்னு பேசி முடிச்சாச்சு. மெடிக்கல் டெஸ்ட்டும் பாஸ். மிச்சம் கையெழுத்துதான். அன்னைக்கு கெடு முடிஞ்சப்போ அந்தக் கையெழுத்து நடக்கல.

நிக்ஸ் மேல எந்தத் தப்பும் இல்ல. தடையா நின்னது இன்னொரு பையனோட முழங்கை. அது எப்படின்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

முதல்ல டிராஃப்ட்னா என்ன? நமக்கு ஐபிஎல் ஏலம் தெரியும். அங்க ஒரு பிளேயருக்கு நாலு டீம் கை தூக்கினா விலை ஏறும். டிராஃப்ட் அதுக்கு நேர் எதிர். டீம்கள் வரிசையா ஒவ்வொரு பேராச் சொல்லும், பெரும்பாலும் போன சீசன்ல மோசமா ஆடின டீமுக்கு முதல் வாய்ப்பு. உங்க பேரை ஒரு டீம் சொல்லிட்டா, நீங்க அந்த டீமோட மட்டும்தான் பேசலாம். பிடிக்கலன்னா வேற டீமுக்குப் போக முடியாது. காலேஜுக்குப் போகலாம், இல்ல அடுத்த டிராஃப்ட் வரைக்கும் காத்திருக்கலாம்.

எங்க காலேஜ் பிளேஸ்மென்ட்ல ஒரு விதி இருந்தது: ஒரு ஆஃபர் கைக்கு வந்துட்டா அடுத்த கம்பெனி இன்டர்வியூல உட்காரக் கூடாது. எல்லாருக்கும் வேலை கிடைக்கணும்னு காரணம் சொல்வாங்க. அது உண்மையும்கூட. ஆனா அந்த விதியால சம்பளம் பேசுற வாய்ப்பு யாருக்குப் போச்சுன்னு அப்போ நாங்க யாரும் கேட்கல. டிராஃப்ட் பத்திப் படிக்கும்போது அதுதான் ஞாபகம் வந்துச்சு.

1965க்கு முன்னாடி டிராஃப்டே கிடையாது. எந்த டீமும் எந்தப் பையன் வீட்டுக் கதவையும் தட்டலாம். விலை ஏறிக்கிட்டே போனதால, முதலாளிகள் 'போனஸ் ரூல்'னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. 1950கள்ல இருந்த வடிவத்துல, 4000 டாலருக்கு மேல குடுத்து ஒரு பையனை எடுத்தா, ரெண்டு வருஷம் அவனை மேல்மட்ட டீம்லயே வெச்சிருக்கணும். கீழ்மட்ட லீக்ல பயிற்சிக்கு அனுப்ப முடியாது. அதாவது, அதிகப் பணம் குடுத்தா பையன் பெஞ்ச்லயே உட்கார்ந்து வீணாவான்னு டீமைப் பயமுறுத்துற விதி. சாண்டி கோஃபாக்ஸ் அப்படி வந்தவர்தான். பிற்காலத்துல பேஸ்பாலோட மிகப் பெரிய பிட்சர்கள்ல ஒருத்தரானாலும், முதல் ரெண்டு சீசன்ல அவருக்குப் பந்து வீசவே அதிகம் வாய்ப்பு கிடைக்கல.

அந்த விதியும் வேலைக்காகல. 1964ல விஸ்கான்சின் யூனிவர்சிட்டியோட ரிக் ரைக்கார்ட்டைப் பிடிக்கப் பல டீம்கள் மோதுச்சு. கடைசியில ஏஞ்சல்ஸ் டீம் 2,05,000 டாலர் குடுத்து எடுத்தது. அந்த டீமோட முதலாளி ஜீன் ஆட்ரி, சினிமாவுல பாட்டுப் பாடுற கௌபாயா நடிச்சுப் புகழ் பெற்றவர். அடுத்த வருஷமே டிராஃப்ட் வந்துடுச்சு. 1965 ஜூன்ல முதன்முதலா எடுக்கப்பட்ட பேரு ரிக் மண்டே. அவருக்குக் கிடைச்சது சுமார் ஒரு லட்சம் டாலர்.

ஒரே வருஷத்துல உச்ச விலை பாதியாகுது. ரைக்கார்ட்டோட ரெக்கார்ட் 1979 வரைக்கும் உடையவே இல்ல. அந்தப் பதினஞ்சு வருஷத்துல பால், பெட்ரோல், வீடு எல்லாம் விலை ஏறியிருக்கு. பலவீனமான டீம்களுக்கு நல்ல பிளேயர் கிடைக்கணும்னுதான் டிராஃப்ட் கொண்டு வந்தோம்னு இன்னைக்கும் சொல்வாங்க. அதுல பாதி உண்மை இருக்கு. மீதிப் பாதியை இந்த எண்களே சொல்லிடுது.

வேற தொழில்ல முதலாளிகள் ஒண்ணு கூடி இப்படிப் பங்கு பிரிச்சா வழக்கு வரும். ஆனா பேஸ்பாலுக்கு 1922லயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஏகபோகத் தடைச் சட்டத்துல இருந்து விலக்கு குடுத்துருச்சு. ஒரு விஷயம் எனக்கு இன்னும் விநோதமாப் படுது. டிராஃப்ட் விதிகளைப் பேசி முடிவு பண்றது டீம் முதலாளிகளும் மேல்மட்டப் பிளேயர்களோட யூனியனும். டிராஃப்ட்ல வரப்போற பையன் அந்த யூனியன்ல உறுப்பினரே கிடையாது. அவனோட போனஸ் எவ்வளவுன்னு பேசுற மேசையில அவனுக்கு நாற்காலி இல்ல.

அப்போ அவன் கையில என்னதான் இருக்கு? 'வேண்டாம்'ங்கிற ஒரு வார்த்தை. அதைச் சொல்லவும் வசதி வேணும். 1991ல நியூயார்க் யாங்கீஸ் முதல் ஆளா பிரையன் டெய்லரை எடுத்தாங்க. வட கரோலினாவுல கடலோர ஊர், வசதியில்லாத குடும்பம். அதுக்கு முந்தின வருஷம் 14வது ஆளா எடுக்கப்பட்ட டாட் வான் பாப்பலுக்கு 12 லட்சம் டாலர் ஒப்பந்தம். அப்படின்னா முதல் ஆளா வந்த என் மகனுக்கு ஏன் அதைவிடக் குறைவுன்னு டெய்லரோட அம்மா பெட்டி டெய்லர் பிடிவாதமா நின்னாங்க. காலேஜ் வகுப்பு ஆரம்பிக்கிற நேரம் வரைக்கும் இழுத்து, கடைசியில 15.5 லட்சம் டாலருக்குக் கையெழுத்தாச்சு. ரெண்டே வருஷத்துல ஒரு சண்டையில டெய்லரோட தோள்பட்டை போச்சு. மேல்மட்ட லீக்ல ஒரு மேட்ச்கூட ஆடல. அந்த அம்மா அன்னைக்கு முதல்ல சொன்ன தொகைக்குச் சரின்னு தலையாட்டியிருந்தா அந்தக் குடும்பத்துக்கு என்ன மிஞ்சியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, டிராஃப்ட் இல்லாட்டி இந்தப் பசங்களோட உண்மையான விலை எவ்வளவு? இதுக்கு ஒரு தடவை நிஜமாவே பதில் கிடைச்சது. அதுவும் ஒரு 'பக்'னால. சாஃப்ட்வேர்க்காரனா எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

டிராஃப்ட் முடிஞ்சு 15 நாளுக்குள்ள டீம் எழுத்துப்பூர்வமா கான்ட்ராக்ட் அனுப்பணும்னு ஒரு விதி இருந்தது. யாரும் அதைப் பெருசா மதிக்கல. போன்ல பேசிக்கலாம், அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுருந்தாங்க. 1996ல ஏஜென்ட் ஸ்காட் போராஸ் மாதிரி ஆட்கள் அந்த வரியைப் பிடிச்சுக்கிட்டாங்க. நாலு பசங்களுக்குக் கான்ட்ராக்ட் சரியாப் போய்ச் சேரல. அதனால நாலு பேரும் எந்த டீமோடயும் பேசலாம்னு ஆயிடுச்சு.

அந்த வருஷம் முதல் ஆளா எடுக்கப்பட்ட கிரிஸ் பென்சன் வழக்கமான வழியில வாங்கினது 20 லட்சம் டாலர். அவருக்கு அடுத்து ரெண்டாவதா எடுக்கப்பட்ட டிராவிஸ் லீ, விடுதலையானதும் வாங்கினது ஒரு கோடி டாலர். ஏழாவது ஆள் மேட் ஒயிட் 1 கோடியே 2 லட்சம். அஞ்சாவது ஆள் ஜான் பேட்டர்சன் 60 லட்சத்துக்கு மேல. பன்னிரண்டாவது ஆள் பாபி சீ 30 லட்சம். பணம் குடுத்தது அரிசோனா, டாம்பா பே. ரெண்டுமே அதுவரைக்கும் ஒரு மேட்ச்கூட ஆடாத புது டீம்கள்.

அதே வருஷம், அதே மாதிரி பசங்க. கதவு திறந்திருந்தா ஒரு விலை, மூடியிருந்தா அதுல அஞ்சுல ஒரு பங்கு. இத்தனைக்கும் மேட் ஒயிட் மேல்மட்ட லீக்கை எட்டவே இல்ல. 'பார்த்தீங்களா, வீண் செலவு'ன்னு டீம்கள் சொல்லலாம். ஆனா அந்த ரிஸ்க்கைத் தெரிஞ்சேதான் ஒரு டீம் அவ்வளவு குடுக்க முன்வந்தது. 'பக்' சீக்கிரமே சரி செய்யப்பட்டது, சொல்லணுமா என்ன.

இப்போ திரும்ப 2014க்கு வருவோம். 2012ல இருந்து புது ஏற்பாடு. ஒவ்வொரு டிராஃப்ட் இடத்துக்கும் ஒரு தொகை ஒதுக்கி, முதல் பத்து ரவுண்டுக்கும் சேர்த்து டீமுக்கு ஒரே பட்ஜெட். 5 சதவீதத்துக்கு மேல தாண்டினா அபராதத்தோட வருங்கால முதல் ரவுண்டு வாய்ப்பும் பறிபோகும். அதனால டீம்கள் ஒரு இடத்துல மிச்சம் பிடிச்சு இன்னொரு இடத்துல செலவு பண்ண ஆரம்பிச்சாங்க. மிச்சம் பிடிக்க ஈஸியான ஆள் கடைசி வருஷக் காலேஜ் பையன். அவனுக்குப் போறதுக்கு வேற இடமே இல்லையே. ஆயிரங்கள்ல முடிச்சுடுவாங்க.

ஆஸ்ட்ரோஸ் அந்த வருஷம் முதல் ஆளா எடுத்தது பிராடி ஏக்கன். அவரோட இடத்துக்கு ஒதுக்கீடு சுமார் 79 லட்சம் டாலர். 65 லட்சத்துக்குப் பேசி முடிச்சாங்க. மிச்சமான 14 லட்சத்துல இருந்துதான் நிக்ஸோட பெரிய போனஸ் வரணும். அவரோட இடத்துக்கு ஒதுக்கினதே 4 லட்சத்துக்கும் கீழ. ரெண்டு பேருக்கும் ஆலோசகரும் ஒருத்தரேதான்.

அப்புறம் ஏக்கனோட முழங்கை ஸ்கேன் வந்தது. லிகமென்ட் வழக்கத்தைவிடச் சின்னதா இருக்குன்னு டீம் கவலைப்பட்டு, தொகையை 31 லட்சத்துச் சொச்சத்துக்கு இறக்கிடுச்சு. அந்த எண் சும்மா வந்ததில்ல. அப்போ இருந்த விதிப்படி, ஒதுக்கீட்டுல 40 சதவீதமாவது சொன்னாத்தான், பையன் மறுத்தாலும் அடுத்த வருஷம் டீமுக்கு ஈடா ஒரு வாய்ப்பு கிடைக்கும். 79 லட்சத்துல 40 சதவீதம் போட்டுப் பாருங்க. கடைசி நேரத்துல 50 லட்சம் வரைக்கும் ஏத்திக் கேட்டதாச் செய்தி வந்தது. ஏக்கன் தரப்பு மறுத்துடுச்சு. அவர் கையெழுத்துப் போடாததும் அந்த 79 லட்சம் மொத்தமா பட்ஜெட்ல இருந்து காணாமப் போச்சு. அதுக்கப்புறம் நிக்ஸுக்கு 15 லட்சம் குடுத்தா டீம் வரம்பைத் தாண்டிடும். குடுக்கல.

எட்டு மாசம் கழிச்சு ஏக்கனோட முழங்கை நிஜமாவே கிழிஞ்சு ஆபரேஷன் ஆச்சு. ஆஸ்ட்ரோஸ் டாக்டர்கள் பயந்தது சரிதான். 2015ல கிளீவ்லாந்து அவரை 17வது ஆளா எடுத்தது. மேல்மட்ட லீக்கை அவர் எட்டல. ஈடாக் கிடைச்ச வாய்ப்புல ஆஸ்ட்ரோஸ் எடுத்தது அலெக்ஸ் பிரெக்மேன். 2017ல அவங்க கோப்பை ஜெயிச்சப்போ அவர் அந்த டீமோட தூண்கள்ல ஒருத்தர். டீம் பக்கம் இருந்து பார்த்தா எல்லாக் கணக்கும் சரியா வந்துருச்சு.

நிக்ஸோட முழங்கைக்கு அன்னைக்கு ஒண்ணும் ஆகல. யூனியன் மூலமாப் புகார் போய், பின்னாடி சமரசத்துல முடிஞ்சது. அவர் ஒரு வருஷம் ஃப்ளோரிடாவுல ஒரு அகாடமியில பந்து வீசிட்டு, 2015 டிராஃப்ட்ல திரும்பப் பேர் குடுத்தார். சான் டியாகோ பேட்ரஸ் மூணாவது ரவுண்டுல எடுத்தாங்க. இந்தத் தடவை கையெழுத்தாச்சு. 2018ல மேல்மட்ட லீக்ல முதல் தடவையாப் பந்து வீசினார்.